படகு கரையில், பெட்டி கடலில்

பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் சாக்குமூட்டை தொங்கியது. பட்டறைக்காரி சாக்கை உருவிக் கீழே போட்டாள். உள்ளே இருந்தது ஒரு படகின் புரொப்பல்லர்.

"நல்லா பார்த்துக்குங்க. தாடிக்காரர் படகோடது. கழட்டி இங்க மாட்டின நாள்லேருந்து நான் இறக்கவே இல்ல. அதோ, படகும் கட்டை மேல உக்காந்திருக்கு. இந்தப் படகுதான் போன வாரம் தடை செஞ்ச திட்டுக்குப் போய்த் திருடிச்சுன்னு நேத்து மேடையேறிச் சொல்லிட்டு வந்தீங்களாமே?"

துப்பறிய வந்திருந்த நிதானம் படகைப் பார்த்தான். அடிப்பலகைகளில் பாதி புதிது, பாதி பழையது. நடுவே ஒரு ஆள் நுழைந்து வரலாம் போல ஓட்டை.

"போன வாரமும் இப்படியேதான் இருந்துச்சா?"

"போன வாரம் இதைவிட மோசம். முந்தாநாள்தான் நான் சாமான் வாங்க வெளியூர் போனேன். இன்னிக்குக் காலையில திரும்பினா, ஊரே இந்த மனுஷனைத் திருடன்னு சொல்லுது. இங்க வந்து ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா என்ன கேடு உங்களுக்கு?"

"ஒருவேளை அந்த ஓட்டை வழியா கால் விட்டு நடந்தே போயிருப்பாரோ?" என்றான் கூட வந்த மச்சினன்.

பட்டறைக்காரி அவனை முறைத்தாள். "இது யாரு?"

"அவரோட சம்சாரத்துக்குத் தம்பி. துப்பறியறதுல பாதி வேலை என்னோடது. அடி வாங்கறது முழுசா என்னோடது."

நின்று நிதானித்துத்தான் எதையும் செய்வான் என்பதால் அவனுக்கு நிதானம் என்று பட்டப்பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. நேற்று வரை அந்தப் பட்டப்பெயர் அவனுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

படகு உரிமையாளர் சங்கம் அவனைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. சிங்கி இறால் சீசன் பாதி தாண்டியிருந்தது. குஞ்சுகள் வளரும் பாறைத் திட்டில் யாரும் இறால் பிடிக்கும் கூடு இறக்கக்கூடாது என்பது முதல் விதி. அங்கே யாரோ புகுந்துவிட்டார்கள். ஆளைக் காட்டாவிட்டால் எல்லோருக்கும் சீசனை மூடிவிடுவோம் என்றது மீன்வளத் துறை. ஒவ்வொரு படகிலும் இருப்பிடம் காட்டும் பெட்டி ஒன்று உண்டு. படகு போகும் வழியையெல்லாம் அது துறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நிதானம் எல்லாப் பெட்டிகளின் வழிகளையும் வாங்கிப் பார்த்தான். தாடிக்காரர் பெட்டியின் கோடு மட்டும் துறைமுகத்திலிருந்து கிளம்பி, நேராகத் திட்டுக்குப் போய், அங்கே சுற்றித் திரும்பியிருந்தது.

"படகை ஒரு தடவை நேர்ல பார்த்துடலாமா அத்தான்?" என்று மச்சினன் அப்போதே கேட்டான்.

"படமே இருக்கேடா" என்றான் நிதானம்.

நேற்று சங்கத்துக் கூடத்தில் அந்தப் படத்தைச் சுவர் முழுக்கப் போட்டு, மைக்கைப் பிடித்து, கோட்டின் மேல் குச்சியை ஓட்டிக் காட்டினான். கூடம் கைதட்டியது. தட்டிய சத்தம் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் தட்டட்டும் என்று குச்சியைக் கீழே வைக்காமல் நின்றதுகூட நினைவிருந்தது. தாடிக்காரர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரி" என்றார். அவ்வளவுதான். அவருடைய தங்கை புருஷனான சங்கச் செயலாளர் எழுந்து, "அவர் என் சம்சாரத்தோட கூடப்பிறந்தவர்தான். அதனால என்ன? சட்டம் சட்டம்தான்!" என்றதும் இன்னொரு முறை தட்டினார்கள். இன்று மாலை அதே கூடத்தில் அதிகாரி வந்து தாடிக்காரரின் உரிமத்தை ரத்து செய்யப் போகிறார்.

இப்போது காது மடல் சுட்டது. மச்சினன் அப்போது கேட்டதை ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் தேவலை.

"படகு இடத்துல இல்லைன்னு துறைமுகத்துல யாருமே கவனிக்கலையா?"

"இடத்துல இல்லாத படகு கடல்ல இருக்குன்னுதான் நினைப்பாங்க. என் பட்டறை கழிமுகத்துக்குள்ள இருக்கு. இங்க யாரு வர்றா?"

"சரிம்மா. படகு இங்க. பெட்டி?"

பட்டறைக்காரி கையைத் துணியில் துடைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அது ஊர்ப் பழக்கம் சார். பெட்டி வருஷம் பூரா உயிரோட இருக்கணும்னு விதி. படகு பட்டறைக்கு வந்தா பேட்டரியைக் கழட்டிடுவோம், பெட்டி செத்துடும். அப்புறம் எதுக்கு செத்துதுன்னு எழுதிக் குடு, எங்கிட்ட சான்று வாங்கு, அவங்க வந்து சோதிக்கிற வரைக்கும் படகை அவிழ்க்காதேன்னு சீசனே போயிடும். அதனால வேற படகுல பேட்டரி ஓடுதில்ல, அதுல கொண்டு போய் மாட்டி வெச்சுடுவாங்க."

"பக்கத்து வீட்டுல குழந்தையை விட்டுட்டுப் போற மாதிரி" என்றான் மச்சினன்.

"அப்படித்தான். வெள்ளைத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனார். யார் படகுக்குன்னு நான் கேக்கல."

வெளியே வந்ததும் நிதானம் சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தான். துறையின் முக்குளிப்பவர் திட்டில் எடுத்தது. முட்டை சுமக்கும் தாய் சிங்கி கூட்டில் விழுந்தால், வால் மடலில் ஒரு சின்ன நறுக்குப் போட்டுக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அடுத்து அது யார் கூட்டில் விழுந்தாலும் நறுக்கைப் பார்த்து விட்டுவிடுவார்கள். படத்தில் இருந்த தாய்ச் சிங்கிகளின் வாலில் எல்லாம் இன்னும் ஆறாத புது நறுக்கு. கத்தியால் போட்டால் கூராக, இரண்டு வெட்டாக இருக்கும். இது வளைந்து, பிறை போல இருந்தது.

"கொள்ளையடிக்க வந்தவன் வீட்டைப் பெருக்கி வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றான் மச்சினன்.

"நேத்து இதை அவசரத்துல போட்ட கத்தி வெட்டுன்னு சொல்லிட்டேன்."

"சொன்னீங்க. அதுக்கும் தட்டினாங்க."

*

தாடிக்காரர் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. திறந்தவள் அவர் மனைவி.

"நேத்து மேடையில பார்த்தது. கிட்டத்துல பார்த்தா அவ்வளவு பெரிய ஆளாத் தெரியலையே."

"எங்க அத்தான் தூரத்துலேருந்து பார்த்தாத்தான் எடுப்பா இருப்பார்" என்றான் மச்சினன்.

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் வழிவிட்டாள்.

கொல்லையில் மிதவைகள் குவிந்து கிடந்தன. கூடு எங்கே கிடக்கிறது என்று காட்ட மேலே மிதப்பவை. ஒவ்வொன்றிலும் படகின் எண் எழுதியிருக்க வேண்டும். உரிமம் போனால் எண்ணைச் சுரண்டிவிட வேண்டும். தாடிக்காரர் ஒரு மிதவையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கத்தியால் தன் எண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டி முடித்தவை ஒரு பக்கம் வழவழவென்று கிடந்தன.

"இன்னும் விசாரணையே நடக்கலையேங்க" என்றான் நிதானம்.

"சாயங்காலம் வெளிச்சம் இருக்காது. இப்பவே ஆரம்பிச்சா வேலை முடியும்."

"பட்டறைக்குப் போயிட்டு வர்றோம்."

கத்தி நின்றது. அவர் மனைவி கணவனைப் பார்த்தாள். "இப்பத்தான் தோணுச்சா? நான் சொல்றேன்னா இவர் விடல."

"உங்க படகு போன வாரம் பூரா கரையில இருந்திருக்கு" என்றான் நிதானம். "பெட்டி மட்டும் கடலுக்குப் போயிருக்கு. அது யார் படகுல இருந்தது?"

கத்தி மறுபடி நகர்ந்தது. பெயின்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது.

"பெட்டியைக் கைமாத்தி விட்டது தப்பு. அதுக்கு என்ன உண்டோ அதை நான் வாங்கிக்கறேன்."

"அதுக்கு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. லைசென்ஸ் போகாது."

"போகட்டும்."

"போகட்டுமா?" மனைவியின் குரல் உடைந்தது. "ராத்திரி பூரா கேட்டேன். எங்கிட்டயும் இதேதான். போகட்டும், போகட்டும். போயிட்டா நாளைக்கு எதுல ஏறுவீங்க? ஊர்க்காரன் படகுல கூலிக்கா? உங்களைத் திருடன்னு சொன்ன வாய்க்கு முன்னாடி போய் நிப்பீங்களா?"

அவர் கையிலிருந்த மிதவையைக் கீழே வைத்தார்.

"நேத்து கூடத்துல ஏன் ஒரு வார்த்தை பேசல?" என்றான் நிதானம்.

தாடிக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே தம்பி. சொன்னீங்க. நான் சரின்னேன்."

நிதானம் கீழே பார்த்தான். காலருகே ஒரு மிதவை கிடந்தது. எண்ணில் பாதி போயிருந்தது, பாதி இருந்தது.

*

துறைமுகத்துச் சாலையில் மச்சினன் கொஞ்ச தூரம் வாயே திறக்கவில்லை. அவனுக்கு அது பெரிய சாதனை.

"என்னடா?"

"அவர் முகத்துல பயம் இல்ல அத்தான். வெட்கம். தான் செஞ்ச தப்புக்கு வெட்கப்படற முகம் வேற. அடுத்தவங்க தப்பைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு நெளியற முகம் வேற."

"அடுத்தவங்கன்னா?"

"பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம மூடி வைக்கிறார்னா அது பொறந்த வீட்டு விஷயம்." மச்சினன் சாலையோரக் கல்லை எட்டி உதைத்தான். "எனக்கும் ஒரு அக்கா இருந்தா. அவ புருஷன் கொலையே பண்ணியிருந்தாலும் நான் மூச்சு விட்டிருக்க மாட்டேன். எரிச்சலா இருக்கும். ஆனா மாட்டிவிட மாட்டேன். மாட்டிவிட்டா அவ வீட்டுல அடுப்பு எரியாதே."

நிதானம் நடந்துகொண்டே இருந்தான். மனைவி காலமான பிறகு மச்சினன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று இவனும் கேட்கவில்லை. சமையலறையில் ஒரு தட்டு கூடுதலாகக் கழுவப்பட்டு வந்தது, அவ்வளவுதான்.

"தாடிக்காரருக்கு ஒரே தங்கச்சி" என்றான் நிதானம்.

"தங்கச்சி புருஷன், சட்டம் சட்டம்தான்."

"ஆமா."

"நேரா போய் சட்டையைப் பிடிச்சுடலாமா?"

நிதானம் நின்றான். நேற்றைய கைதட்டல் ஒரு கணம் காதில் கேட்டது. "வேண்டாம். இந்தத் தடவை முதல்ல கேப்போம்."

சங்க அலுவலகம் படகுத்துறையை ஒட்டி இருந்தது. அதன் பின்பக்கமே செயலாளரின் கூடுகள் வைக்கும் கொட்டகை. செயலாளர் மேஜையில் மாலை விசாரணைக்கான விதிப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படங்கள். எல்லாவற்றிலும் அவர் யாரோ ஒரு பெரிய மனிதரின் பக்கத்தில் நின்றார்.

"எல்லாப் படமும் நல்லா இருக்கு சார்" என்றான் மச்சினன். "கடல் மட்டும் ஒண்ணுலயும் விழல."

"வடக்க இருக்கற தலைநகர்ல எங்கப்பா கடல்?" செயலாளர் பெருமையாகச் சிரித்தார். "இந்த சீசன்ல பாதி நாள் எனக்கு அங்கதான். புது விதிக்கு அலைஞ்சேன். லைசென்ஸை வெச்சுக்கிட்டுக் கடலுக்கே போகாத ஆளுங்களைக் கழிச்சு விடணும்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். சீசன் முடியறதுக்குள்ள ஒரு படகு இவ்வளவு எடை இறால் பிடிச்சதாக் கணக்குக் காட்டலேன்னா அடுத்த வருஷம் லைசென்ஸ் கிடையாது. சட்டமே ஆயிடுச்சு."

"போன வாரம் எங்க இருந்தீங்க?" என்றான் நிதானம்.

"அங்கதான். அதோ, கடைசிப் படம். போன வாரம்தான் எடுத்தது." சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஏன்?"

"உங்க படகு?"

"துறைமுகத்தை விட்டு அசையல. நீங்கதானே எல்லாப் பெட்டி வழியையும் பார்த்தீங்க?"

"பார்த்தேன். உங்க பெட்டி அசையல" என்றான் நிதானம். "நான் கேட்டது படகை."

செயலாளர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். மூடினார்.

"நீங்க பாதி நாள் ஊர்லயே இல்ல. அப்ப உங்க படகைக் கடலுக்கு எடுத்துட்டுப் போறது யாரு?"

"அது... வீட்டுலதான்..." என்றவர், சொல்லி முடிக்காமல் கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

கொட்டகைக் கதவு திறந்தே இருந்தது. தாடிக்காரரின் தங்கை தரையில் உட்கார்ந்து, கிழிந்த கூட்டுக்குப் புது வலை கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனின் அதே நெற்றி. இவர்கள் உள்ளே வந்தது தெரிந்தும் அவள் நிமிரவில்லை. முடிச்சை இறுக்கினாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் சாவிகளோடு ஒரு பெரிய நகவெட்டி தொங்கியது. மிச்ச நூலை அதில் வைத்துக் கடக்கென்று நறுக்கினாள்.

"கத்தி வெச்சுக்க மாட்டீங்களா?" என்றான் மச்சினன்.

"ஈரக் கையில கத்தி வழுக்கும். இது கையைக் கடிக்காது."

நிதானம் அவளெதிரே குந்தி உட்கார்ந்தான். கூட்டின் ஓரத்தில் அவள் கத்தரித்துத் தள்ளிய பழைய ரப்பர் பட்டை ஒன்று கிடந்தது. எடுத்தான். அதன் விளிம்பில் வளைவாக ஒரு கடி. சட்டைப் பையிலிருந்த புகைப்படத்தை எடுத்து, ரப்பர் பட்டையை அதன் பக்கத்தில் தரையில் வைத்தான்.

அவள் பார்த்தாள். சாவிக்கொத்து அவள் மடியில் விழுந்தது.

"முட்டைக்காரியையெல்லாம் விட்டுட்டேன்" என்றாள். "ஒண்ணைக்கூட எடுக்கல."

"தெரியும்."

"திட்டுக்கே போயிட்ட பிறகு அதுல மட்டும் என்ன நியாயம்னு கேப்பீங்க."

"கேக்கல."

"நான் என்னையே கேட்டுக்கிட்டேன். அது வேற, இது வேறன்னு கை சொல்லுச்சு."

செயலாளர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சொல்றே நீ?"

அவள் கணவனைப் பார்த்தே பேசினாள். "ஆள் வெச்சு ஓட்ட நீங்க விடல. எனக்கு வீடு, கொட்டகை, உங்க சங்கத்துக்கு வர்றவங்களுக்கு டீ. நேரம் கிடைக்கும்போதுதான் கடல். சீசன் ஓடிடுச்சு. நீங்க கொண்டு வந்த சட்டத்துல முதல்ல போகப் போறது நம்ம லைசென்ஸ். அதைச் சொல்லலாம்னு ரெண்டு தடவை போன் பண்ணேன். மீட்டிங்கில இருக்கேன்னீங்க."

"அதுக்காகத் திட்டுக்கா?"

"வேற எங்க போனாலும் கூடு பாதிதான் நிறையுது. பனி மூட்டமா ஒரு காலை வந்தது. நம்ம பெட்டியைக் கழட்டி இங்க ஒரு பழைய பேட்டரியில மாட்டினேன். படகு கிளம்பினது யாருக்கும் தெரியல. பிடிச்சதை உயிரோட துறைமுகக் கூண்டுல விட்டு, பழைய பிடிப்புன்னு சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமா எடைக்குக் கொண்டு போனேன்."

"உங்க அண்ணன் பெட்டி?" என்றான் நிதானம்.

அவள் உதட்டைக் கடித்தாள்.

"எங்க படகுல, படுக்கைக்கு அடியில, லைஃப் ஜாக்கெட்டுக்குப் பின்னாடி. பட்டறைக்குப் போறப்ப அவரே கொண்டு வந்து மாட்டினார். 'பத்திரமா பார்த்துக்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போனார். எங்க பெட்டியை இறக்கி வைக்கணும்னு ஞாபகம் இருந்துச்சு. அண்ணனோடது உள்ள இருக்குன்னு ஞாபகமே இல்ல."

"எப்போ ஞாபகம் வந்துச்சு?"

"நேத்து. நீங்க சுவத்துல கோட்டைப் போட்டீங்களே, அப்போ. வளைவு வளைவா அந்தக் கோடு, நான் போன வழி. மேல எங்கண்ணன் எண்." அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டாள். "நீங்க பேசி முடிச்சீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. பக்கத்துல இருந்தவ என்னைப் பார்த்தா. நானும் தட்டினேன்."

அவள் சாவிக்கொத்தை எடுத்து மறுபடி இடுப்பில் செருகினாள்.

"சாயங்காலம் சொல்லிடறேன்" என்றாள். "சொல்லத்தான் நினைச்சேன். எழுந்து நிக்கக் கால் வரல."

"முதல்ல நான் நிக்கறேன்" என்றான் நிதானம். "நேத்து அந்த இடத்துல தப்பா நின்னது நான். உங்களுக்குக் கால் வரும்போது வாங்க. வரலேன்னா உங்களைச் சுட்டிக் காட்டறதும் நான்தான். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அவள் தலையசைத்தாள்.

*

கூடம் நேற்றைவிட நிறைந்திருந்தது. அதிகாரி நடுவில். அவர் பக்கத்தில் செயலாளர், விதிப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு. தாடிக்காரர் முதல் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. அவர் தங்கை பெண்கள் பக்கத்தில் கடைசியில்.

நிதானம் மேடையேறினான். மைக் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. அதைத் தொடவில்லை.

"நேத்து நான் சொன்னது தப்பு. அந்தப் படகு கரையில..."

"காதுல விழல!" பின்னாலிருந்து தாடிக்காரர் மனைவியின் குரல்.

கூடம் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"நேத்து தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. இன்னிக்கு மூணாவது வரிசைக்கே வரல. நேத்து மாதிரியே சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். நிதானத்தின் முகம் கழுத்து வரை எரிந்தது. கால்கள் கீழே இறங்கிவிடலாம் என்றன. மைக்கைப் பிடித்தான்.

"நேத்து நான் இவரைத் திருடன்னு சொன்னேன். அது தப்பு." குரல் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. வெளியே சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். "படகு போன வாரம் பூரா பட்டறையில இருந்தது. புரொப்பல்லர்கூட அதுல இல்ல. பெட்டி மட்டும்தான் வேற படகுல இருந்தது. போய்ப் பார்க்கச் சொன்னாங்க. நான் போகல. அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேக்கல. கைதட்டு வரும்னு தெரிஞ்சு பேசினேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

யாரும் தட்டவில்லை.

"அப்போ யார் படகு?" என்றார் அதிகாரி.

நிதானம் தாடிக்காரரைப் பார்த்தான். தாடிக்காரர் தலையை மெல்ல, யாருக்கும் தெரியாமல், வேண்டாம் என்று ஆட்டினார். எண்ணைச் சுரண்டியபோது கெஞ்சாத மனிதர் இப்போது கண்ணால் கெஞ்சினார்.

நிதானம் கடைசி வரிசையைப் பார்த்தான். யாரும் எழவில்லை. மைக் லேசாக இரைந்தது. இனி தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று மூச்சை இழுத்தான்.

அப்போது நாற்காலி ஒன்று தரையில் தேய்ந்தது.

"எங்க படகு" என்றாள் தங்கை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எடுத்துட்டுப் போனது நான். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. எங்கண்ணனுக்குத் தெரியும். அவர் எனக்காக வாயைத் திறக்கல." நிறுத்தினாள். "நேத்து நானும் உங்களோட சேர்ந்து தட்டினேன்."

அதிகாரி செயலாளர் பக்கம் திரும்பினார். "இதுக்கு உள்ள விதியை வாசிங்க."

செயலாளர் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைத் தேடினார். அவருக்குப் பக்க எண் மனப்பாடம் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தேடினார். பிறகு வாசித்தார். தடைத் திட்டில் பிடித்தால் படகின் உரிமம் ரத்து. பெட்டியைக் கழற்றி வைத்தால் அதற்குத் தனி அபராதம். பிடிப்பைப் பொய்யாகக் காட்டினால் அதற்கும் தனி. எந்த உரிமத்தைக் காப்பாற்ற அவள் பனிக்குள் போனாளோ, அது அவர் வாயாலேயே போனது. வாசித்து முடித்ததும் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல அவர் வாய் கொஞ்சம் திறந்தது. சொல்லவில்லை.

தாடிக்காரருக்கு எச்சரிக்கை. பெட்டியைக் கைமாற்றியதற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். மற்றவர்களுக்கு சீசன் தொடரும்.

"சரி" என்றார் தாடிக்காரர்.

எழுந்தார். எல்லோரும் வெளியே போவார் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவர் பின்னால் நடந்தார். பெண்கள் வரிசையில் கடைசியில் போய், தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். சின்னப் பிள்ளையை உட்கார வைப்பது போல. அவள் உட்கார்ந்தாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. படிக்கட்டில் தாடிக்காரர் மனைவி நிதானத்தை நிறுத்தினாள்.

"இப்ப கேட்டுச்சு" என்றாள். வேறெதுவும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

நிதானமும் மச்சினனும் சாலையில் நடந்தார்கள்.

"அத்தான்."

"ம்."

"மிதவையெல்லாம் சுரண்டிட்டார். மறுபடி எண் எழுதணும். எழுதாம கடல்ல இறக்கக் கூடாதுன்னு விதி இருக்காம்."

"இருக்கு."

"நிறையக் கிடக்கு. ஒரு ஆளா எழுதினா நாள் கணக்காகும்."

நிதானம் நின்றான். பூட்டப் போகும் கடை ஒன்றில் இன்னும் விளக்கு எரிந்தது. உள்ளே போய் ஒரு டப்பா கறுப்பு பெயின்டும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கி வந்தான்.

"உள்ள விடுவாங்களா?" என்றான் மச்சினன்.

"தெரியல."

"விடலேன்னா?"

"வாசல்ல வெச்சுட்டு வந்துடலாம்."

மச்சினன் ஒரு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டான். "எனக்கு எழுத்து கோணலா வரும் அத்தான்."

"தெரியும். நீ சுழியம் மட்டும் போடு."

இருவரும் திரும்பி, வந்த வழியே நடந்தார்கள்.